தவிட்டும்மா வைத்த பெயர்

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது” என்று எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும்தான் சீண்டுவார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியதும் தூக்கி வைத்து, பொய் பொய் என்று கொஞ்சிச் சமாதானம் செய்வார்கள். என்னை அப்படிச் சமாதானம் செய்ய யாருக்கும் வழி இருக்கவில்லை. என் விஷயத்தில் அது உண்மை. பெற்ற அம்மாவே ஒரு சுளகு நிறையத் தவிட்டை வாங்கிக்கொண்டு என்னை விற்றார். வாங்கியவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். என் பெயரும் அந்த விற்பனையோடு வந்ததுதான்.

என் பெயர் அமானிதம். அடையாள அட்டையிலும் அதுதான், கல்யாணப் பதிவிலும் அதுதான். இந்தப் பெயரோடு இன்னொரு பெண்ணை நான் இன்றுவரை கண்டதில்லை. தமிழர்கள் கேட்டால் “முஸ்லிம் பெயரா?” என்று புருவத்தை உயர்த்துவார்கள். முஸ்லிம்கள் கேட்டால் “இது பேரில்லையே, ஒரு சொல்லுத்தானே” என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கும் பெயர் அது. அதனாலேயே அதை நான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முஸ்லிம்களின் பேச்சில் அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன பொருள். பக்கத்து வீட்டுக்காரி தூரப் பயணம் போகும்போது உங்கள் கையில் தந்துவிட்டுப் போகும் நகைப்பெட்டி அமானிதம். அதை நீங்கள் போட்டு அழகு பார்க்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அவள் வந்து கேட்கும்போது ஒரு கீறல் இல்லாமல் அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். அவளுடைய தங்கை வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஒரு சொல்லை ஒரு பெண் பிள்ளைக்குப் பெயராக வைத்த கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தொட்டிலைத் தாண்டவில்லை. நான் பிறந்ததும் அம்மா என்னைத் தொடவே பயந்தாராம். பிள்ளை தங்காத வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை, பிள்ளைகள் நன்றாகத் தங்கிய ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அதன்பிறகு அது அவளுடைய பிள்ளை. பெற்றவள் வளர்த்துக் கொடுக்கிறவள் மட்டுமே. பிள்ளையைத் தேடி வரும் பொல்லாப்பு, இந்த வீட்டில் இவர்கள் பிள்ளை என்று எதுவும் இல்லை என ஏமாந்து திரும்பிவிடும். பிறகு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும் முன்பு பெற்றவள் போய், தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மகளை மீட்க வேண்டும். அதுவரை மகள் அவளுக்குச் சொந்தமில்லை.

கல்லடியில் எங்கள் வீட்டில் ஒரு பசு இருந்தது. அதற்குத் தவிடு கொண்டு வருகிறவர்தான் என்னை வாங்கியவர். வயல்காரரிடம் நெல் எடுத்து, அவித்து, காயவைத்து, உரலில் குத்தி அரிசி விற்பார். தவிட்டைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு புதன்கிழமைகளில் வருவார். அவருக்குப் பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள், ஒன்றும் தவறவில்லை. அம்மா அவரை, அவர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல், ராத்தா என்றும் அவர் அம்மாவைத் தங்கச்சி என்றும் அழைப்பார்கள். அம்மா கேட்டபோது அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லையாம். சாக்கை அவிழ்த்து, எங்கள் சுளகிலேயே தவிட்டைக் கொட்டி, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பா நியாயம் பார்க்கிற மனிதர். எங்கள் ஆட்கள் ஆறு என்று சொல்கிற, ஊரோரத்து வாவியில் வலை போட்டு வாழ்ந்தவர். பிள்ளை யாருடையதோ அவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“நீங்கதானே இப்ப தாய். பேரைச் சொல்லுங்க ராத்தா.”

அவர் என் முகத்தைப் பார்த்தாராம். “எங்கட பேர் ஒண்ட வச்சா உங்கட ஆக்கள் ஏசுவாங்க. உங்கட பேர் வைக்க எனக்குத் தெரியா. உள்ளதச் செல்றன் தம்பி. இவ எனக்கு அமானிதம். அதையே வைங்க.”

அப்பா அப்படியே போய்ப் பதிந்துவிட்டு வந்தார். பதிவாளர் இரண்டு தரம் கேட்டாராம். அப்பா இரண்டு தரமும் அதையே சொன்னாராம். அம்மாவுக்கு மனதுக்குள் வேறு பெயர் இருந்தது. ஆனால் விற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க அவருக்கு உரிமை இல்லை. நான் தங்கினேன். அதன்பிறகு அம்மாவும் அந்தப் பெயரை வாய் நிறையக் கூப்பிடத் தொடங்கினார். நான் வாங்கியவரைத் தவிட்டும்மா என்று கூப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் முதல் நாளே என்னை இஸ்லாம் பாட வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மௌலவி என் நெற்றியில் திருநீற்றைக் கண்டு திகைத்துப்போனார். அமிர்தகழித் திருவிழாவுக்குப் போனால் அர்ச்சனைத் தட்டோடு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். பெயரைச் சொன்னால் மந்திரம் நின்றுவிடும். “சுவாமி பேருக்கே செய்வமா?” என்று ஐயர் நைசாக நழுவப் பார்ப்பார். “இல்லை ஐயா, என்ட பேருக்குத்தான் செய்யணும்” என்று நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பின்னால் வரிசை முறுமுறுக்கும். கடைசியில் அவர் என் பெயரை மாமாங்கேஸ்வரருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சுவாமிக்கு அது விளங்காமல் போயிருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் பெரிய பிள்ளையானபோது தவிட்டும்மா ஒரு கைத்தறிச் சேலையோடு வந்தார். தலையை மூடிக்கொண்டு சடங்கு வீட்டுக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து, “என்ட மகளுக்கு நான்தான் முதல்ல உடுத்துவன்” என்றார். யாரும் மறுக்கவில்லை. அப்பா அதற்கடுத்த மாரியில் காய்ச்சலில் போனபோதும் அவர்தான் முதலில் வந்து சேர்ந்தார்.

பிறகு அந்தப் பொல்லாத ஆண்டு வந்தது. எங்கள் ஊர்களும் அவர்கள் ஊர்களும் ஒன்றை ஒன்று கொன்றன. யார் முதலில் தொடங்கினார்கள் என்று கேட்டால் இன்றும் இரண்டு பக்கமும் இரண்டு பதில் சொல்லும். எனக்கு அந்தப் பதில்கள் இரண்டும் வேண்டாம். எனக்குத் தெரிந்தது இதுதான்: சைக்கிளில் மீன் கட்டிக்கொண்டு காத்தான்குடிப் பாதையால் போன என் தாய்மாமன் திரும்பி வரவில்லை. அறுவடைக்கு வயலுக்குப் போன தவிட்டும்மாவின் இளைய மகனும் திரும்பி வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் உடல் கிடைக்கவில்லை. புதன்கிழமைகளில் தவிடு வருவது நின்றது. பசுவை அம்மா விற்றுவிட்டார்.

அம்மா என் பெயரைச் சொல்வதை நிறுத்தியதும் அந்த ஆண்டில்தான். ஒரு நாளில் நின்றுவிட்டது. அமானிதம் என்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டவர், அதன்பிறகு “புள்ள” என்றார், “இஞ்ச வா கா” என்றார். குடிதண்ணீர் அள்ளப் போகும் இடத்தில் பெண்கள் கேட்பார்களாம்: “தம்பியை அவங்களுக்குப் பறிகுடுத்திட்டு, அவங்க வச்ச பேரை வீட்டுக்குள்ள வச்சிரிக்கிறியே, எப்பிடி கா ஏலுது?” அம்மா பதில் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து என் மேல் எரிந்து விழுவார். அம்மாவின் துக்கம் எனக்கு விளங்கியது. ஆனால் என்னைப் பெயரில்லாதவளாக வீட்டுக்குள் நடமாட விட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மா “புள்ள” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். மூன்று முறை கூப்பிட்டு, நான் அசையாமல் நிற்பதைக் கண்டு, அம்மாவே எழுந்து வந்து தேவையானதை எடுத்துக்கொள்வார்.

சில ஆண்டுகள் கழித்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க வேலை. மாப்பிள்ளையின் தாயை மாமி என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். மாமிக்கு என்னைப் பிடித்தது, வீட்டைப் பிடித்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கட்டுகிறவர்தான் வந்து இருப்பார். அதனால் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து வெற்றிலைத் தட்டை எடுத்தபோதுதான் மாமி மெல்லச் சொன்னார்.

“கலியாண கார்ட்டில அந்தப் பேர் வரப்படாது. நல்ல நாள் பார்த்து வேற பேர் எடுத்திருவம்.”

அம்மா உடனே தலையாட்டினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“வீட்டுக்கு வாறவர் அவர்தானே மாமி. பேர் மாத்திறதெண்டா அவரே மாத்தட்டும்” என்றேன்.

மாமி அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் என்னை உலுப்பி எடுத்துவிட்டார்.

“உனக்கு ஒரு வாழ்வு வருகுது, அதைக் குழப்பிப் போடாத. பேர் என்ன பேர்? சோறு போடுமா?”

“சரி அம்மா, பேரை விடுங்க. நீங்க என்னை எப்பிடிக் குடுப்பீங்க?”

“என்ன கதை கதைக்கிறாய்?”

“நீங்க என்னை வித்திட்டீங்க. இன்னும் திருப்பி வாங்கல்ல. மற்றவட பிள்ளையை நீங்க எப்பிடி மாமிட மகனுக்குக் கட்டிக் குடுப்பீங்க?”

அம்மாவின் கை நின்றுவிட்டது. அந்த வழக்கத்தை அவர் மறந்திருக்கவில்லை. மறந்ததுபோல் இருந்துவிட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தார். நான் மறப்பவளா? மீட்காமல் என் கழுத்தில் தாலி ஏறாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் போவதென்றால் தன் பிணத்தின் மேல்தான் என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்த் தன் தம்பியை நினைத்து அழுதார். அந்த அழுகையைக் கேட்டும் என் மனம் இளகவில்லை. தவிட்டும்மாவும் தன் குசினியில் இப்படித்தான் அழுதிருப்பார் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் நானே பஸ் ஏறினேன். “பொட்டை அழிச்சிட்டுப் போ கா” என்று அடுத்த வீட்டு அக்கா படலையில் நின்று சொன்னார். நான் திரும்ப உள்ளே போய், இருந்த பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டு வந்தேன். காவலரணில் எல்லோரும் இறங்கி நடந்தோம், அட்டையைக் காட்டினோம், மறுபடி ஏறினோம். காத்தான்குடியில் இறங்கியதும் பயம் பிடித்தது. அதை மறைக்கக் கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

தவிட்டும்மா வாசலில் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். உரல் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. வயல் பக்கம் போகவே பயந்த வீட்டுக்கு நெல் எங்கிருந்து வரும்? என்னைக் கண்டதும் எழும்பவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்று, என்னைப் பிடிக்காத பார்வையோடு பார்த்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் என்றேன், மீட்க வேண்டும் என்றேன். கையில் கொண்டு போன தவிட்டுப் பொட்டலத்தை நீட்டினேன்.

“உம்மா எங்க?” என்று கேட்டார்.

“வரல்ல.”

“அப்ப நீ எதுக்கு வந்த?” அவருடைய குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. “அமானிதத்தை வச்சவதான் வந்து எடுக்கணும். வேற ஆளுக்கிட்டக் குடுத்தா நான் நாளைக்கு அல்லாஹ்வுக்கு என்ன செல்ற?”

“அவங்களுக்குப் பயம், தவிட்டும்மா.”

“எனக்குப் பயமில்லையா? என்ட புள்ள வெள்ளாப்பில வயலுக்குப் போனவன், இன்னும் கிறுகி வரல்ல. அவன்ட மையத்தையும் நான் காணல்ல. இந்த வேலியில நிக்கிறவங்க என்னட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? ‘அந்தத் தமிழிச்சிர புள்ள இன்னும் உன்ட புள்ளையா’ எண்டு. ஓமெண்டு சென்னன். உன்ட உம்மா ஒரு தரம் ஓமெண்டு செல்லட்டும். அதுமட்டும் உன்னை நான் குடுக்க மாட்டன்.”

தேத்தண்ணிகூடத் தராமல் என்னை அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பாதி வழியில் அந்தக் கோபம் அப்படியே பெருமையாக மாறியது. வேலியோரம் நின்றவர்களுக்கு அவர் சொன்ன பதிலை, தண்ணீர் அள்ளும் இடத்தில் என் அம்மாவால் ஒரு நாளும் சொல்ல முடியவில்லையே.

அம்மாவிடம் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். கடைசி வரியை இரண்டு தரம் சொன்னேன். அம்மா அன்று சமைத்தார், வாசல் கூட்டினார், தம்பியின் படத்துக்கு விளக்கு வைத்தார். மறுநாள் காலையில் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு மில்லுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் தவிடு கட்டிய துணி இருந்தது. “வா” என்றார். இருவரும் காத்தான்குடிக்கு பஸ் ஏறினோம்.

அம்மா அந்த வாசலில் போய் நின்றார். ஒருத்தி தம்பியைப் பறிகொடுத்தவள், மற்றவள் மகனைப் பறிகொடுத்தவள். வேலியோரம் இன்றும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

“ராத்தா, மகன்ட கதை கேள்விப்பட்டனான். வரணுமெண்டு மனசு சொல்லிச்சி, கால் வரல்ல” என்றார் அம்மா.

“உன்ட தம்பிர கதையும் எனக்கு வந்த. நானும் வரல்லத்தானே தங்கச்சி” என்றார் தவிட்டும்மா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சுணங்கித்தான் வந்திரிக்காய். உள்ளுக்கு வா” என்றார்.

உள்ளே பாய் விரித்து, இத்தனை வளர்ந்த என்னைக் கைப்பிள்ளைபோல் நடுவில் உட்கார வைத்தார்கள். அம்மா துணியை அவிழ்த்துச் சுளகில் தவிட்டைக் கொட்டினார். தவிட்டும்மா அதை விரல்களால் அளைந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இது மில்லுத் தவிடு. உமி கலந்திரிக்கி. நான் உனக்குத் தந்தது கையால குத்தின தவிடு.”

“இப்ப கைக்குத்துத் தவிட்டுக்கு நான் எங்க போற ராத்தா?” என்று அம்மா அழுத கண்ணோடு சண்டைக்கு வந்தார். “தவிடு தந்த நீங்களே குத்திறதை விட்டுட்டீங்க.”

அவ்வளவுதான். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தப் பிடியில் சுளகு கவிழ்ந்து என் மடியெல்லாம் தவிடாகியது. வேலியோரம் நின்ற ஒரு பெண்ணும் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். பிறகு தவிட்டும்மா என் கையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “பிடி. பத்திரமா வச்சிருந்தன். சேதமில்லை, பார்த்து எடு” என்றார். என்னை அம்மா நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அம்மா என்னை அப்படிப் பார்த்தார்.

புறப்படும்போது அம்மா தயங்கினார். “ராத்தா, இனிப் பேரை…” என்று இழுத்தார்.

“புள்ளைய நீ வித்த, நான் வாங்கின. இப்ப திருப்பித் தந்திட்டன்” என்றார் தவிட்டும்மா. “பேர நீ விக்கவும் இல்ல, நான் வாங்கவும் இல்ல. அது நான் வச்ச. அதைத் திருப்பி எடுக்க உனக்கு ஒரு சுளகு தவிடு காணாது.”

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்து வாவியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என் சட்டையிலிருந்து தவிட்டைத் தட்டிவிடவில்லை. பெயரை மாற்றினால் கல்யாணம் வேண்டாம் என்று என் மனம் முடிவெடுத்துவிட்டது. அம்மாவின் மனம் என்ன முடிவெடுத்தது என்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த வாரமே மாமி வந்தார். சாத்திரியார் ஒரு பெயர் எடுத்துக் கொடுத்திருக்கிறார், கூப்பிட லேசான பெயர், கார்ட் அடிக்கக் கொடுத்துவிடலாம் என்று சந்தோசமாகச் சொன்னார். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஏச வாயைத் திறந்தேவிட்டேன். அதற்குள் முன்னறையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. தெருவில் போகிறவர்களுக்கும் தண்ணீர் அள்ளும் இடத்துக்கும் கேட்கக்கூடிய குரல். நான் சிறுமியாக இருந்தபோது விளையாட்டிலிருந்து என்னை வீட்டுக்கு இழுத்த அதே குரல்.

“அமானிதம்! மாமிக்குத் தேத்தண்ணி கொண்டு வா!”

நான் கொண்டுபோய் வைத்தேன். மாமி கோப்பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தொடவே இல்லை. “அப்ப நான் வாறன்” என்று எழும்பிப் போனவர் பிறகு வரவில்லை. மாமி படலையைத் தாண்டும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

“சீனி காணாது, அமானிதம்” என்றார்.